டார்கஸுக்கு ஆறு வரி

டார்கஸ் பிரையர்லி எங்கள் தெருவுக்கு வந்தது தன் அக்காவின் பிரசவத்துக்கு உதவியாக. பதினோரு நாள் கட்டில் பக்கத்திலேயே இருந்தாள். பன்னிரண்டாம் நாள் அக்கா லவினியாவைக் குன்றின் மேல் புதைத்துவிட்டு வந்து, தொட்டிலிலிருந்த ஃபீபியைத் தூக்கிக்கொண்டாள். அப்புறம் ஏழு வருஷம் அந்த வீட்டைவிட்டு அவள் போகவில்லை. இரு என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அடுப்பைப் பற்றவைத்தாள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே தும்மினால் இங்கே வாழ்த்தலாம். ஆனால் கேட்பதற்குத்தான் அதிகமாக ஒன்றும் இருக்காது. அக்கா கணவர் ஆம்புரோஸ் வாய் திறக்காத மனுஷர். எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் அச்சுக்கோர்க்கிறவர். நாள் முழுக்க ஈய எழுத்துகளைப் பொறுக்கி வார்த்தை கட்டுகிறவருக்கு வீட்டில் வார்த்தை மிஞ்சாது என்று என் கணவர் கேலி பேசுவார்.

ஆனால் பாட்டு எழுதுவார். பதினாலு வரி, அதற்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. மாட்டுச் சந்தைச் செய்தியோ பஞ்சு விலையோ பத்தியின் அடி வரை எட்டாமல் பள்ளம் விழுந்தால், "ஆம்புரோஸ், அங்க ஒண்ண ஊத்து" என்பாராம் ஆசிரியர். இவர் மனைவியைப் பற்றி ஒன்றை ஊற்றிவிடுவார். வாற்கோதுமைத் தாள் நிறத்தில் கூந்தல், அல்லி மாதிரி கை, இறந்த பிறகும் அந்தக் கரையில் உன்னை அடையாளம் கண்டுகொள்வேன், இப்படி. லவினியா அதையெல்லாம் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைப்பாள். நோயில் கிடந்தபோது கடைசியாக வந்ததை டார்கஸ்தான் அவளுக்குப் படித்துக் காட்டினாள். தினமும் மூன்று தடவை.

டார்கஸுக்குக் கறுத்த தலைமுடி. கை வருஷம் முழுக்கச் சிவந்து வெடித்திருக்கும்.

மனைவி போனால் அவள் தங்கையைக் கட்டிக்கொள்ள எங்கள் சட்டம் விடாது. அதை மாற்றக் கேட்டு வருஷாவருஷம் மனு போகும், லண்டன் நாடாளுமன்றத்தில் பிரபுக்கள் வருஷாவருஷம் வேண்டாம் என்பார்கள். ஆகவே தெருவில் பேச்சு இருந்தது. ஆனால் எல்லோரும் அந்த வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தது, அவர் ஒரு பக்கம் செய்தித்தாள் படிப்பதையும் இவள் ஒரு பக்கம் காலுறை தைப்பதையும்தான். பேச்சும் அலுத்துப் போய்விட்டது.

ஃபீபிக்கு ஏழு வயதான வசந்தத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் டார்கஸும் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம்.

"ஹோல்டன் கேட்டுட்டாரு, நான்சி," என்றாள்.

"எதை? காலி சாக்கையா?"

"என்னை."

செப்டிமஸ் ஹோல்டன் மூலைக் கடைக்காரர். மனைவியை இழந்தவர், தேவாலயத்தில் அடித்தொண்டையில் பாடுகிறவர். தராசுத் தட்டில் கட்டை விரலை வைக்காத ஒரே கடைக்காரர்.

"முட்டி போட்டாரா?"

"போட்டா யாரு தூக்கிவிடறது? சர்க்கரை மடிக்கிற நீலக் காகிதத்துல எழுதி வச்சிருந்தாரு. அதைப் பாத்துப் படிச்சாரு. மாடியில மூணு ரூம். புகை திரும்பாத அடுப்பு. காலைல ஆறு மணிக்கு முன்ன நீங்க எந்திரிக்க வேணாம். ஃபீபி எப்ப வேணா வரலாம், போகலாம். கடைசியில, உங்க பேச்சு எனக்குப் புடிக்கும்னு எழுதியிருந்துச்சு. அதைப் படிக்கறப்ப காது ரெண்டும் செவந்துபோச்சு."

"நீ என்னடி சொன்ன?"

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்னேன்."

"உனக்கு என்ன தோணுது?"

அவள் ஒரு போர்வையின் நுனியைப் பிழிந்தாள். "ஒண்ணும் தோணல. இது சாயங்காலத்துக்குள்ள காயாதுன்னு தோணுது." பிறகு அதே குரலில் சொன்னாள்: "ஆம்புரோஸ் வாயத் தொறந்து இருன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவேன், நான்சி. மோதிரம் வேணாம். ஊரு என்ன சொன்னா எனக்கென்ன. ஒரு வார்த்தை."

அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் உருளைக்கிழங்கு அடை சாப்பிடும் சத்தம் கேட்டது. நான் தையலை மடியில் போட்டுவிட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஹோல்டன் என்னைக் கேட்டிருக்காரு, ஆம்புரோஸ்."

முள்கரண்டி நின்றது. "நல்ல மனுஷன்," என்றார்.

"நல்ல மனுஷன்தான். நான் போகட்டுமா?"

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ."

"எதுக்கு? போ, இரு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இதுக்கா நாலு நாளு?"

"எனக்கு அப்படி வராது. உனக்குத் தெரியாதா, டார்கஸ்?"

நாற்காலி பின்னால் நகரும் சத்தம். தட்டுகளைக் கழுவினாள்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. மூன்றாம் பக்கத்தில், தறிச் சாமான் ஏலத்துக்குக் கீழே, பதினாலு வரி. யாருக்கு என்று தலைப்பில் பெயர் இல்லை. ஒரு கோடு மட்டும். இந்த மாதிரிப் பாட்டில் எட்டு வரி ஒரு போக்கில் போகும், ஒன்பதாவதில் திரும்பும். முதல் எட்டில் அதே வாற்கோதுமை, அதே அல்லி, அதே அக்கரை. ஒன்பதாவதில்தான் வேறு குரல் கேட்டது:

கேளாமல் வந்து விளக்கேற்றும் கரமே,
பேசாமல் என் வீட்டில் உலவும் மொழியே,
உன் காலடி கேட்டுத்தான் எனக்குப் பொழுது விடிகிறது.

இன்னும் மூன்று வரி உண்டு. எனக்கு இவைதான் ஞாபகம்.

பகல் உணவுக்குள் தெருவே அழுதுவிட்டது. விளக்கேற்றுவது லவினியாவின் ஆவி என்று எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்துவிட்டது. பாதிரியாரின் மனைவி சீரகம் போட்ட கேக்கோடு வந்து டார்கஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அக்கா குடுத்து வச்சவ. ஏழு வருஷம் ஆகியும் இப்படி ஒருத்தன் உருகுறானே!" டார்கஸ் நன்றி சொல்லி கேக் வெட்டினாள். ஹோல்டன்கூடக் கடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இப்படி எழுத வராதுங்க, மிஸ் டார்கஸ்," என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் அவர்கள் அடை கொடுத்தனுப்பிய தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கதவு திறந்திருந்தது. ஃபீபி வாசலில் பொம்மைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். உள்ளே மேஜைமேல் பத்திரிகையும் அதன் பக்கத்தில் லவினியாவின் நோட்டும் விரித்துக் கிடந்தன.

"முதல் எட்டு வரி இதுலயே இருக்கு, ஆம்புரோஸ்," என்றாள் டார்கஸ். "நான் அவளுக்குப் படிச்சுக் காட்டினது. ஒரு எழுத்து மாறல."

அவர் தலையை ஆட்டினார். "அச்சானதும் எழுத்தைப் பிரிச்சுப் பெட்டி அறைங்கள்ல திருப்பிப் போடணும். அந்தப் பாட்டைக் கோத்த எழுத்தை மட்டும் நான் கலைக்கவேயில்ல. நூல் கட்டி, பெட்டிக்கு அடியில வச்சிருந்தேன். ஏழு வருஷமா. எழுத்தை முடக்கி வைக்கிறேன்னு ஆசிரியர் திட்டினாரு, அப்பவும் எடுக்கல." மூச்சு வாங்கியது. அத்தனை பேசி நான் கேட்டதில்லை. "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் எனக்கு ஆறு வரிதான் வந்துச்சு. அவளோட கடைசி ஆறு வரியப் பிரிச்சேன், டார்கஸ். ஒவ்வொரு எழுத்தா எடுத்து அதது அறையில போட்டேன். அந்த எடத்துலதான் உன்னை வச்சேன்."

நானாக இருந்தால் அழுதிருப்பேன். பிரித்துப் போட்ட எழுத்து திரும்பி வராது. அது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"சரி," என்றாள். "இப்ப சொல்லுங்க. இருக்கவா?"

அவர் பத்திரிகையை அவள் பக்கம் ஒரு விரலால் தள்ளினார்.

அவள் அதைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தட்டை வாங்கி அலமாரியில் வைத்தாள். தொப்பியை எடுத்து நாடாவை முடிந்துகொண்டாள். முடிச்சு ஒழுங்காக விழவில்லை, மறுபடி கட்டினாள். வாசலில் ஃபீபியிடம், "ஹோல்டன் கடை வரைக்கும் போயிட்டு வரேன்," என்றாள்.

"இன்னிக்குக் கடை கிடையாதே, சித்தி!"

"தெரியும்."

திரும்பி வரும்போது தெருமுனையில் நான் நின்றிருந்தேன். "என்னடி ஆச்சு?"

"சரின்னுட்டேன். டீ குடுத்தாரு. ஸ்ட்ராங்கா வேணுமா, லேசா வேணுமான்னு கேட்டாரு. எனக்கு எது புடிக்கும்னு யோசிச்சுப் பாத்தேன், தெரியல."

"சந்தோஷமா இருக்கா?"

"குளிர்ல துவைச்சா கை எப்படி மரத்துப்போகும்? அப்படி இருக்கு. வலிக்கல."

ஜூன் மாதம் எங்கள் தேவாலயத்திலேயே கல்யாணம். பிரையர்லி குடும்பத்தில் தகப்பனோ அண்ணன் தம்பியோ உயிரோடு இல்லாததால், மணப்பெண்ணைக் கைப்பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர் அக்கா கணவர்தான். ஆம்புரோஸ் கறுப்புக் கோட்டில் அவளை நடத்திக்கொண்டு வந்தார். இந்தப் பெண்ணை மணம் செய்து கொடுப்பவர் யார் என்று பாதிரியார் கேட்டார்.

"நான்," என்றார் ஆம்புரோஸ்.

தேவாலய மாடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. டார்கஸ் திரும்பி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றினாள். மோதிர விரலில் ஒரு வெடிப்பு இன்னும் ஆறாமல் இருந்தது. ஹோல்டன் அதன்மேல் படாமல் மோதிரத்தை மெல்லத் திருகி ஏற்றினார்.

அதற்கப்புறம் கடை மாடியில் எல்லோரும் பன்றித் தொடைக் கறி சாப்பிட்டோம். அடுப்பு புகையவில்லை.