செப்புக் குடத்துத் தண்ணீர்

என் பெரியம்மா வேலம்மா இருபத்திரண்டு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் பால் இறங்கும், எங்கே நிறுத்தாவிட்டால் மரம் புண்ணாகும் என்பது அவர் கைக்குத் தெரியும். பிற்பாடு பவளத்தை வெட்டியதும் அந்தக் கைதான்.

கடல் பவளம் வளர்ப்பது அவர் மகன் சிவானந்தத்தின் பைத்தியம். கிள்ளானில் ஒரு வண்ணமீன் கடையில் வேலை பார்த்தவன், சம்பளத்தில் பாதியைக் கண்ணாடித் தொட்டியிலும் உப்புப் பொட்டலத்திலும் கொட்டினான். அவர்கள் இருந்த தோட்டத்து லயத்தில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். பம்ப் நின்றால் பவளம் செத்துவிடும். அதனால் 1985இல் தாயும் மகனும் தோட்டத்தை விட்டுக் கோலா சிலாங்கூரில் வாடகை வீடு பிடித்தார்கள். "மீனுக்குக் கரண்டு வேணும்னு குடி மாறுன சனம் நீங்கதான்லா" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சிரித்தாராம்.

அவன் வைத்திருந்தது மென்பவளம். தடித்த தண்டு, மேலே குடை. குடை முழுக்கச் சின்ன விரல்கள் நீரில் அசைந்துகொண்டிருக்கும். வீட்டில் அதைக் காளான் என்றே சொன்னார்கள். அவன் காளானைப் பிடித்துக்கொள்ள, பெரியம்மா சவரப் பிளேடால் குடையின் ஓரத்தில் ஒரு துண்டு சீவுவார். அதைக் கெராங் சிப்பியின் மேல் வைத்து நூலால் தளர்வாகக் கட்டித் தொட்டிக்குள் இறக்கினால், மூன்று வாரத்தில் சிப்பியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய முதல் சிப்பியை அவன் சாப்பாட்டுக் கடைக்காரர் சீனி முகம்மதுவின் தொட்டிக்குக் கொடுத்துவிட்டான்.

"எல்லாத்தையும் தூக்கிக் குடு. நாளைக்குப் பொண்ணு கேக்கப் போறப்பவும் தட்டுல ஒரு சிப்பிய வச்சி எடுத்துக்கிட்டுப் போவோம்."

"அப்ப அந்த வீட்டுலயும் தொட்டி இருக்கான்னு மொதல்ல கேட்டுக்குங்கம்மா."

1987 ஆகஸ்டில் காப்பார் சாலையில் லோரி மோதிச் சிவானந்தம் இறந்தான். நான் அப்போது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். கடிதம் என்னைத் தேடிப் பிடித்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு பெரியம்மா பிளேடைத் தொடவில்லை. துண்டு கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார். "அவன் வச்சது. இது இருக்கிற வரைக்கும் அவன் இந்த வீட்டுல இருக்கான்" என்பார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தொட்டிக் கண்ணாடியில் அவன் போட்ட சிவப்புக் கோட்டைப் பார்ப்பார். தண்ணீர் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் வாளியிலிருந்து மொண்டு ஊற்றுவார்.

ஆறு வருடம் கழித்து நான் திரும்பியது அவனுடைய வருஷ திதிக்கு ஒரு வாரம் முன்பு. சும்மா இருக்க முடியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்தேன். படையலுக்கென்று எடுத்த செப்புக் குடத்தைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கியதும் நான்தான். குடம் நிறையத் தண்ணீருடன் மூன்று நாள் அவன் படத்துக்கு முன்னால் இருந்தது.

செத்தவர்களுக்கு வைத்த தண்ணீரைக் கால் படும் இடத்தில் கொட்டமாட்டார்கள். செடி வேரில் ஊற்றுவார்கள். பெரியம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தொட்டியிடம் போனார்.

"பெரியம்மா, வெளிய துளசி இருக்கே?"

"துளசி நான் வச்சது. அவன் வச்ச செடி இதுதானே."

எனக்கும் அது சரியென்றே பட்டது. நிதானமாக, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினார்.

மறுநாள் காளான் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு மூடியது. பெரியம்மா பதறவில்லை. அது இடையிடையே அப்படி மூடி, மேல்தோலை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி விரிவது வழக்கம். "தோலு உரிக்குது, உட்டுரு" என்றார். மூன்றாம் நாள் கண்ணாடியில் ஊர்ந்த நத்தைகளெல்லாம் அடியில் விழுந்து கிடந்தன. ஐந்தாம் நாள் குடையின் ஓரம் சாம்பல் நிறத்தில் கரைந்தது. வீட்டுக்குள் அழுகல் வாடை வந்தது.

தொட்டி வைத்திருந்த மேசைக்கு அடியில் நுழைந்து பார்த்தேன். சிவானந்தம் ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதி ஒட்டியிருந்தான். உப்பு எவ்வளவு, விளக்கு எத்தனை மணி நேரம் என்று போய், கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தான்.

"என்னம்மா எழுதியிருக்கான்?" பெரியம்மா கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். உண்மைதான் வாயில் வந்துவிட்டது.

"செம்பு பட்ட தண்ணி ஆகாதாம், பெரியம்மா. செத்துருமாம்."

பெரியம்மா நேரே போய்ப் படத்துக்கு முன்னாலிருந்த குடத்தை எடுத்துக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றினோம். இரண்டு நாளில் தண்டும் அழுகிக் கையோடு வந்தது. அதைத் துளசிக்கு அடியில் புதைத்தார்.

சீனி முகம்மது கடையில் ஒரு சிப்பி இருப்பதை நான் நினைவுபடுத்தினேன். மறுநாள் மத்தியானம் போனோம். ரொட்டி சுடும் கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரோரம் இருந்தது தொட்டி. காளான் என் உள்ளங்கையைவிடப் பெரிதாகியிருந்தது, விரல்களெல்லாம் விரிந்து. பெரியம்மா கண்ணாடியை ஒட்டி நின்றார்.

சீனி முகம்மதுவுக்குச் செய்தி முன்பே தெரிந்திருந்தது. புதுப் பிளேடு ஒன்றைக் காகிதம் பிரிக்காமல் நீட்டினார். "நீங்களே வெட்டி எடுத்துக்குங்கக்கா. ஒங்க புள்ள குடுத்ததுதானே."

பெரியம்மா பிளேடை வாங்கினார். குடையின் ஓரத்தில் எங்கே வைப்பது என்று பார்வை தானாகவே அளந்தது. பிறகு பிளேடை மேசைமேல் வைத்துவிட்டார்.

"வேணாம் பாய். எங்கிட்ட வந்தா இதுவும் போயிரும்."

"என்னக்கா பேச்சு இது? தெரியாம நடந்தது."

"கொறையிற தண்ணிக்கு என்ன ஊத்துறீங்க?"

"பைப்புத் தண்ணிதான். ரெண்டு நாளு வாளியில வச்சிருந்து ஊத்துவேன்."

"என்னா வாளி?"

"பிளாஸ்டிக் வாளிலா."

"காட்டுங்க."

அவர் அடுப்படியிலிருந்து நீல வாளியைத் தூக்கி வந்தார். பெரியம்மா உள்ளே கையை விட்டு அடிவரை தடவிப் பார்த்தார்.

"இதையே வச்சிக்குங்க. வேற எதுலயும் மொள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வெயிலில் இறங்கி நடந்தார். நான் பின்னால் போனேன்.