சமையலறை ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த பிறகு

பசியே இல்லாமல் சாப்பிட்டவள் நான். இதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. ஆனாலும் என் ஜெபத்தைக் கேட்ட ஆண்டவருக்கு நன்றியாக, சபையாராகிய உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நான் ஏற்காட்டில் பள்ளி ஆசிரியை. என் மகள் பியூலா சேலத்தில் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த வருடம்தான் இது தொடங்கியது. காலையில் பஸ்ஸில் மலையிறங்கி, மாலையில் மலையேறி வருவாள். பனி மூடிவிட்டால் கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வருகிற வண்டி தெரியாது. அவள் வரும் நேரம் தாண்டினால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். கை தானாக டப்பாவைத் தேடும். ரொட்டி, முறுக்கு, வெறும் சர்க்கரை, எது கிடைத்தாலும் சரி. விளக்கைப் போடாமல் நின்றுகொண்டே சாப்பிடுவேன். மெல்லுகிற வரைக்கும் பயம் தெரியாது. விழுங்கியதும் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும்.

காலி டப்பாவுக்கு ஒரு பதில் வேண்டுமே. "ஏனுங்க, குரங்கு மறுக்கா வந்துட்டுப் போச்சுங்க" என்று கணவரிடம் சொல்வேன். நம் ஊரில் அதை யார் சந்தேகிப்பார்கள்?

நான்தான் எல்லோரையும் சந்தேகித்தேன். கணவர் பிஸ்கட் டப்பாவைத் தூக்கினால், எடை பார்க்கிறாரோ? பியூலா என்னைச் சற்றுக் கூடுதலாகப் பார்த்தால், கண்டுபிடித்துவிட்டாளோ? பாஸ்டரம்மா உடம்பை விசாரித்தால், யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்களோ?

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தைத் தவற விடமாட்டேன். உபவாசித்தால் இந்த ஆவல் அடங்கும் என்று நம்பினேன். பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு, வீடு திரும்பியதும் சட்டியை வழித்துச் சாப்பிடுவேன். "உங்களாட்டம் உபவாசம் இருக்க எங்களால ஆகாதுங்க" என்று சகோதரிகள் சொல்லும்போது, கேலி செய்கிறார்களோ என்று அவர்கள் கண்களைத் துழாவுவேன். அப்போது என் ஜெபம் ஒன்றுதான்: "ஆண்டவரே, இது யாருக்கும் தெரியக் கூடாது."

அந்த ஜெபத்தை அவர் கேட்கவில்லை.

சென்ற மழைக்காலத்தில் கணவர் சமையலறை ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தார். "இனி எந்தக் குரங்கும் ஊட்டுக்குள்ள வராது புள்ள" என்றார். குரங்குக்கு அடித்தாரா, எனக்கு அடித்தாரா?

அடுத்த வாரமே மலைப்பாதையில் மண் சரிந்தது. பியூலாவின் போன் கிடைக்கவில்லை. கணவர் பஸ் நிலையத்துக்கு ஓடினார். மறுநாள் எங்கள் வீட்டில் நடக்கவிருந்த ஜெபக்கூட்டத்துக்காகச் சுட்ட கேக் மேசைமேல் இருந்தது. முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. எழுந்து கேக்கைப் பிட்டேன்.

இருவரும் நனைந்து வந்து நின்றபோது தட்டில் துகள்தான் மிச்சம். பஸ்ஸைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்களாம்.

"பசி உயிர் போவுதும்மா. கேக் எங்க?"

"குரங்கு வந்து... கண்ணு..."

கணவர் வலையைப் பார்த்தார். ஓர் ஆணிகூட அசையவில்லை.

"ஏப்பா, வலையைக் கழட்டி, தின்னுப்போட்டு, திரும்ப ஆணியடிச்சுட்டுப் போற குரங்கா இது?" என்று பியூலா சிரித்தாள். பிறகு என் வாயோரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "பசிச்சா உக்காந்து சாப்பிட வேண்டியதுதானம்மா? யாரு வேண்டாம்னா?"

"பசி இல்ல சாமி. நீ வரல. நொம்ப பயமா இருந்துச்சு."

கணவர் மெதுவாகச் சொன்னார். "நான் குரங்குக்குத்தான் புள்ள வலை அடிச்சேன். நீ சொன்னியேன்னு."

அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. அதுதான் என்னை உடைத்தது. மூவரும் அந்த ஈரத் தரையிலேயே முழங்கால் போட்டோம். என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, எல்லோருக்கும் தெரிந்தாலும் பரவாயில்லை. என்னை விடுவியும்."

அன்றோடு எல்லாம் நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன். உதவி சிறுகச் சிறுக வந்தது. சேலத்தில் டாக்டரைப் பார்த்தேன். சர்க்கரை ஏறியிருந்தது. மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார். பட்டினி கிடக்காமல் வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்கள். பாஸ்டரம்மாவிடம் சொல்லப் பயந்தேன்; ஊரெல்லாம் பரவும் என்று நினைத்தேன். அவரோ, "அப்ப கஞ்சி குடிச்சுட்டே ஜெபத்துக்கு வாங்க சிஸ்டர். நானும் கூட உக்காந்து குடிக்கறேன்" என்றார். இன்றுவரை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.

இப்போதும் பஸ் தாமதமானால் கை டப்பா பக்கம் போகிறது. உடனே கணவரைக் கூப்பிட்டு, "பயமா இருக்குதுங்க" என்கிறேன். பசியும் இருந்தால் தட்டில் போட்டு, விளக்கைப் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

போன மாதம் வலையின் ஓரத்து ஆணி கழன்றிருந்தது. என் கண் முன்னால் ஒரு குரங்கு கையை விட்டு ரொட்டிப் பாக்கெட்டை இழுத்துக்கொண்டு ஓடியது. மாலையில் பியூலா கேட்டாள், "ரொட்டி எங்கம்மா?"

"குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சு கண்ணு." இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"சரி, அப்ப தோசை ஊத்தும்மா" என்றாள் அவள். கணவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான். என்னைப் போல ஒளிந்து நின்று சாப்பிடுகிறவர் நம்மில் இருந்தால், உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். வெட்கப்பட்டுப் போவோம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆண்டவர் என்னை வெட்கப்பட விடவில்லை. அவருக்கே மகிமை.