தெருவைப் பார்த்த ஷூக்கள்

அறுபதுகளில் ஜெர்மனியின் எர்லாங்கனில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, பக்கத்துச் சந்தை ஊரின் பழைய தேவாலயத்தைப் பார்க்கப் போனேன். பாளையங்கோட்டைப் பழக்கத்தில் ஷூவை வாசற்படியிலேயே கழற்றிவிட்டேன்.

உள்ளே ஆலயத்தைப் பராமரிக்கும் நெட்டைக் கிழவர் துணியோடு நின்றார். நான் தொட்ட தூண், பெஞ்சு எல்லாவற்றையும் உடனுக்குடன் துடைத்தார். அந்தத் துடைப்பை நம்மூரிலேயே பார்த்திருக்கிறேன். பற்றிக்கொண்டு வந்தது.

"ஷூவை மாட்டு. இது குளிக்கிற இடமில்ல."

"எங்க ஊர்ல கோயிலுக்குள்ள செருப்போட வர மாட்டோம்."

அவர் தரையைக் காட்டினார். ஆலயத்தின் மணிக்கோபுரம் கட்டிய காலத்து வணிகர்களின் கல்லறைக் கற்கள்தான் தளம். பெயர்கள் மழுங்கியிருந்தன.

"இதைத் தேய்ச்சது எங்க ஆளுங்க பூட்ஸ். உனக்கு இங்க என்ன வேலை?"

"ஜெபம்" என்று சொல்லி, வேண்டுமென்றே அந்தக் கல்மேலேயே முழங்காலிட்டேன். மழைச் சத்தம் கேட்டது. அவர் முணுமுணுத்தபடி வெளியே போய்வந்தார்.

நான் கிளம்பும்போது ஷூக்கள் படியில் இல்லை. முகப்பு வளைவுக்கடியில், நனையாமல் இருந்தன. இரண்டின் மூக்கும் தெருவைப் பார்த்திருந்தன.

நனையாமல் காத்தாரா, போய்த் தொலை என்றாரா? அந்த மனிதரை நிம்மதியாக வெறுக்கக்கூட முடியவில்லை.