பட்டி சுற்றிய பாட்டில்கள்

பஞ்சு வைத்த போர்வைக்கு ஓரம் அடிக்கும்போது பட்டி சிக்காமல் வர வேண்டும். துணியை நீளநீளமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, இரண்டாக மடித்து இஸ்திரி போட்டது அந்தப் பட்டி. தரையில் குவித்து வைத்தால் முறுக்கிக்கொள்ளும், மடிப்பும் கலையும். எதிலாவது சுற்றித்தான் வைக்க வேண்டும். எதில் என்பதுதான் பிரச்சினை.

ஆடைத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்து, திருப்பூரில் கொஞ்ச காலம் தரம் பார்க்கும் வேலையில் இருந்துவிட்டுக் கொல்லிமலைக்குத் திரும்பியவள் நான். அம்மாவும் நானும் இங்குள்ள விடுதிகளுக்குப் போர்வை தைக்கிறோம். எதையும் சோதித்து வரிசைப்படுத்தாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. அட்டை: எங்கள் ஊர்ப் பனியில் நமுத்து வளைந்துவிடும். பிளாஸ்டிக் குழாய்: ஒருமுறை இழுத்தால் தானே சுழன்று முழுப் பட்டியையும் கக்கிவிடும். பவுடர் டப்பா: எடை போதாது, பட்டியோடு சேர்ந்து மேலே ஏறி வரும். கடைசியில் தேறியது குவார்ட்டர் பாட்டில். தட்டையானது, கனமானது, வழவழப்பானது. மிஷினுக்கு அருகில் ஒரு பெயிண்ட் வாளிக்குள் போட்டுவிட்டால், இழுக்கும்போது ஒரு புரள் புரண்டு நின்றுவிடும். கேட்ட அளவு மட்டும் கொடுக்கும்.

அந்தப் பாட்டில்கள் எல்லாம் அப்பா குடித்துத் தீர்த்தவை. அம்மா அவற்றை வீசாமல் மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தாள். "இந்த அடுக்கப் பாத்தாவது ரோசம் வருதான்னு பாக்கறேன்" என்பாள். அப்பாவுக்கு ரோசம் வரவில்லை, மஞ்சள் காமாலைதான் வந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர், அதோடு நிறுத்திவிட்டார். அதன் பிறகு நாங்கள் பாட்டில்களைக் கழுவிப் பட்டி சுற்ற ஆரம்பித்தோம். துணி மூடிவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது. தைக்கத் தைக்கக் கண்ணாடி எட்டிப் பார்க்கும். பட்டி தீரப் போகிறது என்று அர்த்தம்.

போன தை மாதம் ஒரு விடுதியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. அறைக்கு ஒரு நிறம் கேட்டார்கள். நிறத்துக்கு ஒரு பாட்டில் வேண்டும், இருந்தவை போதவில்லை. வாசலில் காயப்போட்ட மிளகைக் கிளறிக்கொண்டிருந்த அப்பாவிடம், தையலிலிருந்து நிமிராமலே சொன்னேன்: "அப்பா, தட்டைப் பாட்டில் பத்தல. எங்கியாவது கெடச்சாக் கொண்டாங்க."

நூல்கண்டு வாங்கி வரச் சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

"பாக்கறேன் கண்ணு" என்றார்.

அதிலிருந்து சாயங்காலம்தோறும் பாட்டில்கள் வந்தன. வாய் உடையாதவை, எல்லாம் ஒரே அளவு. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. பழைய சாமான் கடையில் நானே வாங்கிவைத்தவை என்று அம்மா நினைத்திருந்தாள். சுற்றுவதற்கு வாகாக இருந்தன, எனக்கு அது போதுமாயிருந்தது.

ஒருநாள் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, இதே மலையில் குண்டனி நாடு என்கிற ஊர்ப்பக்கம் வாழ்க்கைப்பட்டவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று ஆரம்பித்தாள். அப்பா குழாயடியில் குத்துக்காலிட்டுப் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். அடியில் மிச்சமிருந்த பிராந்தியின் வாடை வீட்டுக்குள் வரை அடித்தது.

"ஏண்ணா, மறுக்காவும் ஆரம்பிச்சிட்டியா? தெனமும் கடைக்குப் பின்னால நிக்கறியாமா. எங்கூட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொல்றாரு."

"நான் குடிக்கல அம்மிணி."

"குடிக்காதவனுக்கு அங்க என்ன வேல? சாமி கும்புடப் போனியா?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். நேராகப் போய் அப்பாவின் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. டாக்டரிடம் காட்டுவதுபோல வாயைத் திறந்து காட்டினார். ஆனால் கையெல்லாம், சட்டையெல்லாம் அந்த வாடைதானே. அவளுக்கு என்ன தெரியும்?

"ஆஸ்பத்திரியில எங் கையப் புடிச்சுச் சொன்னீங்களே, அதுவும் பொய்யா?" என்றாள்.

அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் சன்னலோரம் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். மடியில் அவர் முந்தின நாள் கொண்டுவந்த பாட்டில், பாதி சுற்றிய நீலப் பட்டியோடு. அதைக் கையில் பிடித்தபடியே வெளியே போனேன்.

"நாந்தான் கேட்டேன். பட்டி சுத்தறதுக்கு."

அத்தை என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "படிச்ச புள்ள கேக்கற பொருளா இது? அதுவும் இவருகிட்ட?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்கிட்டச் சொல்லியிருந்தா மூட்டை மூட்டையாக் கொண்டாந்திருப்பேன். உங்க மாமன் புண்ணியத்துல நம்மூட்டுல கொறையே இல்ல" என்றாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா பாட்டிலைக் குலுக்கி அலசியபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"பழைய கூட்டாளிகதான். ஒரு மொடக்குக் குடி, பாட்டிலத் தாரோம்னாங்க. வேண்டாம்னுட்டேன். அவிய முடிக்கற வரைக்கும் நின்னு பொறுக்கிட்டு வந்தேன்."

கனம், வழவழப்பு, தட்டை என்று எல்லாவற்றையும் சோதித்தவள் நான். பாட்டில் காலியாகும் இடம் எது, அங்கே யாரை நிற்க அனுப்புகிறேன் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவர்கள் குடித்து முடிக்கும்வரை அந்த வாடையில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அன்று கையிலிருந்த பட்டியை மீண்டும் சுற்றத் தொடங்கினேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

மறுநாள் காலை, மிளகு பறிக்கக் கிளம்பிய அப்பா மிஷின் அருகே நின்றார்.

"பாட்டில் பத்துமா கண்ணு? இல்லீன்னா இன்னைக்கும் பாத்துட்டு வாரேன்."

"பத்தும்ப்பா."

பத்தவில்லை. மீதி நிறங்களை அட்டையில் சுற்றினேன். அட்டை பனியில் நமுத்துவிட, பட்டி நெளிந்து நெளிந்து வருகிறது. அடிக்கடி தையலை நிறுத்தி இஸ்திரி போட வேண்டியிருக்கிறது. பாட்டிலில் சுற்றியதைத் தைக்கும்போது, கண்ணாடி எட்டிப் பார்ப்பதற்குள் அதன் மேலேயே புதுப் பட்டியைச் சுற்றிவிடுகிறேன். அப்பா அந்தப் பக்கமாக வருவார்.