தமிழ்ச்செல்வி மாற்றிச் செருகிய சவுண்டு கார்டு

கருங்குழியில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் தமிழ்ச்செல்விக்குத்தான் ஆள் போகும். கடலை பயிரிடும் குடும்பத்துப் பெண். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. தன் கை பட்டது திரும்பிப் பழுதானதில்லை என்று வாய் ஓயாமல் சொல்வாள். சொல்லத் தகுதியும் இருந்தது.

ஊரிலுள்ள காது பரிசோதனை மையத்தின் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. பழைய விண்டோஸ் 98. பரிசோதனை புரோகிராம் வேறெதிலும் ஓடாது. ஆயுத பூஜை கழிந்த ஒன்பதாம் நாள், மையத்தை நடத்தும் லதா போன் செய்தாள். கடப்பாக்கத்து மீன்காரி கன்னியம்மா, மகள் பாப்பாவுக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் இடத்தைவிட்டு நகர மறுக்கிறாளாம்.

"எடது பக்கம் நின்னு கூப்ட்டா திரும்ப மாட்டேங்குது. பொட்டி பொய் சொல்லுது" என்றாள் கன்னியம்மா, தமிழ்ச்செல்வி மையத்துக்குள் நுழைந்ததுமே.

தமிழ்ச்செல்விக்குச் சுருக்கென்றது. "எம் மெஷினா?" என்று ஹெட்போனைத் தானே மாட்டி, இடது காதுக்கு மட்டும் ஒலி கொடுத்தாள். இரண்டு காதிலும் கேட்டது.

பெட்டியைத் திறந்தாள். பூஜைக்காக உள்ளே எல்லாம் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தவள் அவள்தான். திரும்ப மாட்டும்போது சவுண்டு கார்டைப் பக்கத்து இடத்தில் செருகிவிட்டாள். புதுக் கார்டு வந்திருக்கிறதென்று நினைத்த விண்டோஸ், தானே ஒரு டிரைவரைப் போட்டு, ஒற்றை ஸ்பீக்கர் என்று வைத்துக்கொண்டது. கேட்காத காதுக்குப் போகவேண்டிய ஒலி நல்ல காதிலும் விழ, பாப்பா கேட்கிறதென்று கை தூக்கியிருக்கிறாள்.

தூசி என்று சொல்லிச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒன்பது நாளில் இருபத்திரண்டு பிள்ளைகள் வந்து போயிருந்தார்கள்.

"மேடம், கார்ட மாத்தி சொருவுனது நான்தான். பூஜைக்கப்புறம் வந்த புள்ளைங்கள எல்லாம் திரும்பக் கூப்புடணும்."

தமிழ்ச்செல்வி கார்டைப் பழைய இடத்தில் மாட்டி, தவறான டிரைவரை நீக்கி, சிடியிலிருந்து சரியானதை ஏற்றி, ஒலியமைப்பை ஹெட்போனுக்கு மாற்றினாள். மூன்று முறை அணைத்துப் போட்ட பிறகே ஒலி பிரிந்தது.

பாப்பாவை உட்கார வைத்தார்கள். வலது காதில் ஒலி. கை சட்டென்று உயர்ந்தது. இடது காதில் ஒலி. கை மடியிலேயே கிடந்தது. ஒலியைக் கூட்டினார்கள். அப்போதும் அசையவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு லதா சீட்டு எழுதினாள்.

கன்னியம்மாவின் கண் கலங்கியது. "வூட்ல எல்லாரும் என்னிய லூசுன்னாங்க."

"நீ சொன்னதுதான்க்கா கரெக்டு. தப்பு என்னோடது" என்றாள் தமிழ்ச்செல்வி. பிறகு வருகைப் பதிவேட்டை இழுத்து, போனை எடுத்தாள்.

"நான் பேசிக்கிறேன் தமிழ்" என்றாள் லதா.

"வேணாம் மேடம்."

முதல் எண்ணைப் போட்டாள். "கருங்குழி தமிழ்ச்செல்வி பேசறேன். நான் பண்ண தப்பால உங்க புள்ளைக்கு டெஸ்ட்டு சரியா நடக்கல. நாளைக்குக் கூட்டினு வாங்க." ஒரு தகப்பன் திட்டினார், கேட்டுக்கொண்டாள். இருபத்திரண்டாவது போனை வைத்தபோது தொண்டை கட்டியிருந்தது. தலை மட்டும் ஒருமுறைகூடக் குனியவில்லை.