வராமல் போன காய்ச்சல்

1988-ஆம் ஆண்டு என் கணவர் சாமுவேல் மூச்சுக்குத் திணறியதை நான் இன்னும் மறக்கவில்லை. முந்தைய ஆண்டுதான் அவருடைய தம்பி கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தியிருந்தார்கள். உடல் அதைத் தள்ளிவிடாமலிருக்கக் கொடுத்த மாத்திரைகள், நோயை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிட்டன. நுரையீரலில் கிருமி புகுந்து காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, ஆண்டவரே, என்னைத் தனியாக விட்டுவிடாதேயும் என்று அழுதேன்.

பிழைத்து வந்தார். ஆனால் அது திரும்ப வரலாம், இன்னொரு முறை தாங்கமாட்டார் என்றார் டாக்டர் அம்மா. வராமல் தடுக்கும் மாத்திரையோ ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. மாதம் ஒருமுறை வந்து, மருந்தைப் புகைபோல மூச்சில் இழுத்தால் பாதுகாப்பு என்றார்.

இவர் மாட்டேன் என்றார். பிடிவாதத்தில் இவரை மிஞ்ச நாங்கள் குடியிருக்கும் பூன் லே வட்டாரத்தில் ஆள் கிடையாது.

"இப்ப நல்லாத்தானே இருக்கேன்? வராத சீக்குக்கு மருந்து எடுத்தா, கர்த்தர நம்பலன்னு அர்த்தம் லா."

எனக்குக் கோபம் பொங்கியது. அடக்கிக்கொண்டு ஜெபித்தேன். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கூடும் எங்கள் பெண்கள் ஜெபக்குழுவும் உபவாசமிருந்தது. இவர் மனதை மாற்றும், ஆண்டவரே என்று மட்டுமே கேட்டோம்.

ஒருநாள் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது கர்த்தர் என் வாயில் வார்த்தை வைத்தார். இவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கிப் பெயின்ட் அடித்தவர்.

"டேங்குக்குள்ள மயக்கம் வந்த பிறகா மாஸ்க் போட்டீங்க? முன்னாடியே போட்டீங்களே, அப்ப கர்த்தர நம்பலையா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, ஆஸ்பத்திரிக்கு எந்தப் பஸ் என்று கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன்.

சின்ன அறையில் தனியாக உட்கார வைத்து, வாயில் குழாயைக் கொடுத்தார்கள். ஒரே கசப்பு, இருமல். வீடு வரும்வரை புலம்பினார். ஆனாலும் டாக்டர் போதும் என்று சொல்லும்வரை ஒரு மாதமும் தவறவில்லை.

சபையில் எத்தனையோ பேர் பெரிய அற்புதங்களைச் சொல்கிறீர்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. அந்தக் காய்ச்சல் திரும்ப வரவில்லை, அவ்வளவுதான். முன்பெல்லாம் ஆபத்து வந்தால்தான் முழங்கால்படியிடுவேன். இப்போது ஒன்றும் நடக்காத நாளுக்கும் நன்றி சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பயம் இருந்தால் கர்த்தரிடம் கேளுங்கள். அவர் டாக்டர் கையில் கொடுத்தனுப்புவதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்று காலை இவர் மாடிப்படி ஏறி வந்து, மூச்சுகூட வாங்காமல், காப்பியில் சீனி போதவில்லை என்று என்னோடு சண்டை பிடித்தார். ஸ்தோத்திரம்.