ஆவடியோடு நின்றுவிட்ட திருப்பதிப் பயணங்கள்

பள்ளியில் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் இருக்கும் எல்லோரையும் நான் திருத்திக்கொண்டே இருப்பதாக என் மகள் புகார் சொன்னாள். அவள் நிம்மதிக்காகத்தான் வாரத்தில் மூன்று நாள் கொரட்டூரிலிருந்து ரயிலேறி ஆவடிக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே ஒரு கல்லூரியின் பின்பக்கம் வட்டார ஆவணக் காப்பகம் இருக்கிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு அறை, நான்கு இரும்பு பீரோ, ஒரு ஸ்கேனர், தும்மல். அவ்வளவுதான்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, பழைய லாட்ஜ் ஒன்றின் பதினோரு ரிஜிஸ்டர்களைப் படித்துக் கணினியில் ஏற்றுவது. ஸ்டேஷன் எதிரே இருந்த அந்த லாட்ஜை இடித்தபோது, உரிமையாளர் வீட்டார் குப்பையில் போட மனம் வராமல் மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். தங்கியவர்களின் பெயரை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் ஏற்ற வேண்டும். வந்த நாள், ஊர், தொழில், எத்தனை பேர், வந்த நோக்கம்.

இந்த நோக்கம் என்ற கட்டம் இருக்கிறதே, அதற்காகவே நான் தினமும் போனேன். 'தொழிற்சாலை இன்டர்வியூ' என்று எழுதியவர் மூன்று மாதம் கழித்து மறுபடி 'அதே இன்டர்வியூ' என்று எழுதியிருப்பார். ஒருவர் தொழில் என்ற இடத்தில் 'மாப்பிள்ளை' என்று போட்டிருந்தார். இன்னொருவர் நோக்கம் 'சும்மா'. ஆவடிக்குச் சும்மா வந்து இரண்டு நாள் தங்கிய அந்த மனிதரை நினைத்து நான் வெகுநேரம் வியந்தேன்.

நான்காவது ரிஜிஸ்டரில் அந்த வரி வந்தது. ஊர்: கோவில்பதாகை. தொழில்: தொழிலாளி. அந்த 'ழ'வுக்குக் கீழே எலி வால் மாதிரி ஒரு நீண்ட சுழிப்பு. அந்த வாலை உலகத்தில் ஒருவர்தான் போடுவார். பெயரைப் பார்த்தேன். என் அப்பா.

கோவில்பதாகையில் எங்கள் வீட்டிலிருந்து அந்த லாட்ஜுக்கு சைக்கிளில் கால் மணி நேரம். சொந்த வீடு இவ்வளவு பக்கத்தில் இருக்க, ஒரு ஆம்பளை லாட்ஜில் எதற்கு ரூம் போடுவான்? உங்களுக்குத் தோன்றியதுதான் எனக்கும் தோன்றியது. பேத்தி எடுத்த வயதில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு 'எத்தனை பேர்' என்ற கட்டத்தைப் பார்த்தேன். ஒருவர். அடுத்த ஐந்தாறு வருடத்துப் பக்கங்களைப் புரட்டினேன். அப்பா மொத்தம் ஒன்பது முறை தங்கியிருந்தார். ஒன்பதிலும் ஒருவர்தான். நோக்கம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் 'சொந்த வேலை'. பிறகு 'ஓய்வு'. ஐந்தாவது முறையிலிருந்து பாசாங்கு எதுவும் இல்லை. 'கோபம்' என்றே எழுதியிருந்தார்.

அப்போதுதான் எனக்குத் தலையில் மணி அடித்தது.

அப்பாவுக்கு அம்மாவோடு பெரிய சண்டை வந்தால், மஞ்சள் பையில் ஒரு வேட்டியையும் துண்டையும் திணித்துக்கொண்டு, "நா திருப்பதிக்குப் போறேன், யாரும் தேடிக்கினு வராதீங்க" என்று கிளம்பிவிடுவார். மூன்றாம் நாள் முகம் தெளிந்து, கையில் லட்டோடு வருவார். கியூவில் எப்படி நெரித்தார்கள், சாமி முன்னால் எப்படித் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு மணி நேரம் சொல்வார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். ஒருமுறைகூட மொட்டை போடாமல் வருகிறாரே என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகைக்குப் போனேன். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓட்டிக் காது பாதி போய்விட்டது. வாசலில் நாற்காலி போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். செல்போனில் எடுத்துவந்த படத்தைக் காட்டினேன்.

"நைனா, இது யாரு கையெழுத்து?"

கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "தெர்லயே. வேற ஆளு."

"உன் பேரு போட்டிருக்கு."

"அந்தப் பேர்ல நம்ம தெருவுல மட்டும் நாலு பேரு கீறானுங்க."

"நாலு பேரும் 'ழ'வுக்கு வால் போடுவாங்களா?"

இன்னொரு பூண்டை எடுத்து உரித்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது.

"மொத தபா நெஜமாவே திருப்பதிக்குத்தாம்மா கெளம்பினேன். ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள ரயிலு பூட்ச்சி. திரும்பி ஊட்டுக்கு வந்தா மானம் போவும்ல? எதுர்ல லாட்ஜ் போர்டு தெரிஞ்சிது. காலைல போலாம்னு படுத்தேன்."

"காலைல ஏன் போகல?"

"ஒனக்கு ஞாபகம் கீதுல்ல? ஒன்ற ரூம்ல நாம பதினோரு பேரு. நா பொறந்ததுலேர்ந்து ஒரு கட்டிலு முழுசா எனக்குன்னு இருந்ததே இல்ல. அங்க கைய இப்பிடி நீட்டினா யார் மூஞ்சிலயும் படல. காலைல எய்ந்தா எதுனா வாங்கியான்னு யாரும் சொல்லல. அப்பால நா ஏன் திருப்பதிக்குப் போறேன்?"

பதினோரு பேரில் ஒருத்தியாக அவர் முகத்தில் கை கால் போட்டுத் தூங்கியவள் நான்.

அவர் என் பக்கம் குனிந்து ரகசியம் சொன்னார். "ஒங்கம்மா கிட்ட மட்டும் சொல்லிடாத."

காது கேட்காதவரின் ரகசியம் அது. எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்து நிலைப்படியில் நின்றாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்போ லட்டு?"

அப்பா வேட்டியில் ஒட்டிய பூண்டுத் தோலைத் தட்டிவிட்டார். "ஸ்டேஷன் பக்கத்துல ஸ்வீட் கடைமே. ஆனா சாமிய நெனச்சிக்கினுதான் வாங்கினேன்."

"யோவ், அத்த நா கண்ணுல ஒத்தி ஒத்தித் துன்னேன்யா! புள்ள இல்லன்னு அயுதுகினு இருந்தாளே மூணாவது ஊட்டுக்காரி, அவளுக்குக் குடுத்தேன். பத்தாம் மாசம் ஆம்பளப் புள்ள. அவன் இன்னைக்கு பேங்க்ல மேனேஜர்!"

"பாத்தியா, பலிச்சிடுச்சில்ல?" என்றார் அப்பா. அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்து, "அந்த நோட்ட நா பாக்கணும்" என்றாள்.

ஆட்டோ வைத்துக் காப்பகத்துக்கு அழைத்துப் போனேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தேதியைக் கேட்டாள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய சண்டைகளை ஒரு ஆவணமும் இல்லாமல் வரிசையாகச் சொன்னாள். "இது ஒங்க அத்தைக்கு வளையல் குடுத்ததுக்கு. தப்பு அவரு மேல. இது மீன் கொயம்புல உப்பு ஜாஸ்தின்னு தட்டத் தள்ளினதுக்கு. இது... சரி, இதுல என் மேலதான் தப்பு." காப்பகத்தை நடத்தும் பேராசிரியர் எட்டி நின்று ஆவலோடு குறிப்பெடுத்தார். கோபம் என்ற ஒற்றைச் சொல்லுக்கு இவ்வளவு விரிவான உரை அவருக்கு எங்கே கிடைக்கும்?

ஏழாவது வரியில் விரல் நின்றது. அது என் தம்பி பிறந்த மாதம்.

"இந்த தபா நாந்தான் போயிருக்கணும்" என்றாள். "கைக்கொயந்த, இந்தப் பக்கம் நீங்கல்லாம். எனக்கும்தான் கோவம். ஆனா நா போனா ரூம் குடுத்திருப்பானா?"

பதில் எனக்குத் தெரியும். இதுவரை பார்த்த ரிஜிஸ்டர்களை வரி வரியாகப் படித்தவள் நான். பெண்கள் இருக்கிறார்கள், மனைவி, தாய், மகள் என்று யாராவது ஒருவருக்குக் கீழே. தனியாக வந்து தன் பெயரை எழுதிய பெண் ஒருத்திகூட இல்லை. இத்தனை வாரம் நோக்கத்தைப் படித்துப் படித்துச் சிரித்தேனே, இதை நான் கவனிக்கவே இல்லை. சரித்திர ஆசிரியை!

அம்மாவை வீட்டில் விட்டபோது, அவள் கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் வந்து அம்மா முன்னால் நின்றார்.

"பூந்தமல்லில புது லாட்ஜு. ஏசி ரூம், ரெண்டு நாளு. ஆதார் கார்டு எடுத்துக்கோ. போய் கோச்சிக்கினு வா."

அம்மா நம்பவில்லை. நம்பிய பிறகு பயந்தாள். பயம் போனதும் எந்தப் புடவை எடுப்பது என்று கேட்டாள். நான்தான் கொண்டுபோய் விட்டேன். வரவேற்பில் இருந்த பெண் என் பெயரையும் கேட்டபோது, "இவ போயிடுவா, நா மட்டும்தான்" என்றாள் அம்மா, அந்தப் பெண்ணுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அப்பா எனக்குப் போன் செய்தார். அங்கே காபி எப்படி இருக்குமோ, பிளாஸ்கில் போட்டிருக்கிறேன், கூட வா என்றார். பூந்தமல்லி வரை பஸ்ஸில் பிளாஸ்கை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தார். லாட்ஜ் வாசலில் சோபாவில் உட்கார்ந்தோம். அம்மா இறங்கி வர அரைமணி நேரமாகிவிட்டது. தலை கலைந்திருந்தது. கன்னத்தில் தலையணைக் கோடு. என் வாழ்நாளில் எட்டு மணிக்குப் பிறகு எழுந்த அம்மாவை நான் அன்றுதான் பார்த்தேன்.

காபியைக் குடித்தாள். "சக்கர கம்மி" என்றாள். பிளாஸ்கை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வரேன், நீ போ" என்று லிப்டுக்குள் போய்விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அப்பாவுக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். கரையான்சாவடி தாண்டியதும் என் கையைத் தட்டி, பஸ் முழுக்கக் கேட்கும்படி ரகசியமாகச் சொன்னார்:

"ஒங்கம்மா மொகம் எப்பிடி தெளிவா கீது, பாத்தியா?"